கடைச் சுவரில் ஒரு செவலைக் குதிரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலப்பாளையம் சந்தைக்குப் பக்கத்தில் கால்நடை மருந்துக் கடை வைத்திருக்கிறேன். கல்லாவுக்குப் பின்னால், சாமி படத்துக்கும் காலண்டருக்கும் நடுவில், ஒரு செவலைக் குதிரை பாய்ந்துகொண்டிருக்கும் படம் தொங்குகிறது. நியூஜெர்சியில் வேலை பார்க்கும் அக்கா மகன் லீவுக்கு வந்தபோது சட்டம் போட்டுக் கொண்டுவந்தது. செவ்வாய்க்கிழமை சந்தைக்கு வருகிறவர்கள் குடற்புழு மருந்து கேட்கிறார்களோ இல்லையோ, இந்தக் குதிரையைப் பற்றிக் கேட்டுவிடுகிறார்கள். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

என் அப்பா ஜங்ஷனுக்கும் டவுனுக்கும் குதிரை வண்டி ஓட்டியவர். லாடம், கொள்ளு, கடிவாளம் என்ற பேச்சு எனக்கு வீட்டிலேயே பழக்கம். அமெரிக்கக் கதை பிறகு படித்துச் சேர்த்தது.

அண்ணாச்சி, இது எந்த ஊர் குதிரை? பேர் என்ன?

பெயர் செக்ரட்டேரியட். 1970 மார்ச் 30 அன்று, நள்ளிரவு தாண்டிப் பத்து நிமிடத்தில், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மெடோ என்ற பண்ணையில் பிறந்தது. 1973-ல் அந்த நாட்டின் மூன்று பெரிய பந்தயங்களையும் ஒரே ஆண்டில் ஜெயித்தது. கென்டக்கி டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட் மூன்றும் சேர்ந்தால் அதற்குப் பெயர் டிரிபிள் கிரௌன், மும்முடி. அதற்கு முன் அதை எடுத்த குதிரை 1948-ல் சைட்டேஷன். நடுவில் 25 வருடம் ஒரு குதிரைக்கும் அது வாய்க்கவில்லை.

மூன்று பந்தயத்திலும் செக்ரட்டேரியட் ஓடிய நேரத்தை இன்றுவரை எந்தக் குதிரையும் உடைக்கவில்லை. படத்தை மாட்டியிருப்பது அதற்காகத்தான்.

பேர் ஏன் இப்படி இருக்கிறது? தலைமைச் செயலகம் என்றல்லவா அர்த்தம்?

அதேதான். கோட்டையா என்று கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. அங்கே பந்தயக் குதிரைக்குப் பெயர் வைப்பது ஜாக்கி கிளப் என்ற அமைப்பின் கையில் இருக்கிறது. எழுதி அனுப்பி, அவர்கள் சம்மதித்தால்தான் பெயர். இந்தக் குட்டிக்கு அனுப்பிய பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. கடைசியில் லாயத்தின் கணக்கு வழக்குகளைப் பார்த்துவந்த செயலாளர் எலிசபெத் ஹாம் சொன்ன பெயர் நின்றது.

லாயத்தில் யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. செம்பட்டை நிறத்துக்காக ‘பிக் ரெட்’ என்பார்கள். நாம் செவலை என்பது மாதிரி.

தரோபிரெட், தரோபிரெட் என்கிறீர்களே, அது என்ன ஜாதி?

பந்தயத்துக்கென்றே இங்கிலாந்தில் உருவாக்கிய இனம். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கிழக்கிலிருந்து போன மூன்று ஆண் குதிரைகள் இந்த இனத்துக்கு மூலம்: பயர்லி டர்க், டார்லி அரேபியன், கோடால்ஃபின் அரேபியன். இன்று உலகில் இருக்கிற ஒவ்வொரு தரோபிரெட்டின் தந்தை வழியையும் பிடித்துக்கொண்டே போனால் இந்த மூன்றில் ஒன்றில் போய் முட்டும். வம்சாவளிப் புத்தகத்தை 1791-ல் அச்சடித்துவிட்டார்கள். அதில் வழி இல்லாத குதிரை தரோபிரெட் ஆகாது.

நமக்கு ஆச்சரியமாக இருக்கும் விஷயம் ஒன்று உண்டு. மாட்டுக்குச் சினை ஊசி போடுகிற காலத்தில், தரோபிரெட்டுக்கு மட்டும் அது செல்லாது. பெட்டையும் ஆணும் நேரில் சேர்ந்து பிறந்த குட்டியைத்தான் பதிவு செய்வார்கள். அப்புறம், குட்டி எந்த மாதம் பிறந்தாலும் அந்தப் பக்கத்து நாடுகளில் எல்லாக் குதிரைக்கும் ஜனவரி 1-ஆம் தேதி ஒரு வயது கூடும். நம் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைக்கும் ஜூன் மாதத்தில் பிறந்தநாள் எழுதிவைத்தார்களே, அந்தக் கணக்கு.

தகப்பன் யார்?

எல்லாரும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். தகப்பன் போல்டு ரூலர். 1957-ல் அமெரிக்காவின் சிறந்த குதிரை. பொலிகுதிரையானதும் எட்டு வருடம் அந்த நாட்டின் முதல் இடத்தில் இருந்தது. அதன் குட்டிகள் காற்று மாதிரி ஓடும், ஆனால் தூரம் போனால் மூச்சு வாங்கும் என்று ஒரு பெயர் இருந்தது. எட்டு பர்லாங், அதாவது ஒரு மைல் என்றால் சரி, பத்து பன்னிரண்டு பர்லாங் என்றால் சந்தேகம் என்று செக்ரட்டேரியட் பற்றியும் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தாய்?

இதைக் கேட்டவர் ஒரே ஒருவர்தான். கயத்தாறு பக்கமிருந்து வரும் ஒரு பெரியவர். பந்தய மாடு வைத்திருக்கிறவர். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தாய் எது?” என்றார். கன்று வாங்கப் போனால் அவர் காளையைப் பார்க்க மாட்டார். பசுவைக் கட்டியிருக்கிற தொழுவத்துக்குப் போய், அது தீனி எடுப்பதையும் நடப்பதையும் பார்த்துவிட்டு வருவார். தாயைத் தண்ணீர்த்துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்க வேண்டாம் என்று பெண் பார்க்கப் போகிறவர்கள் சொல்வார்களே, அவர் அதைக் கன்றுக்குச் சொல்வார்.

தாய் சம்திங்ராயல். 1952-ல் பிறந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு பந்தயம் ஓடியது, அதிலும் இடம் இல்லை. அந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் வண்டியில் கட்டக்கூட யோசிப்போம். ஆனால் அதன் தகப்பன் பிரின்ஸ்குவில்லோ நெடுந்தூரக் குதிரை. தூரம் கூடக் கூட அதற்குத் தெம்பு வரும். செக்ரட்டேரியட்டுக்கு முன்பே சம்திங்ராயல் ஈன்ற சர் கேலார்டு பெரிய பந்தயக் குதிரையானது; சர் கேலார்டின் மகன் சர் ஐவர் 1968-ல் இங்கிலாந்து டெர்பியையே ஜெயித்தது. செக்ரட்டேரியட்டை ஈன்றபோது தாய்க்கு வயது 18. குதிரைக் கணக்கில் அது பாட்டி வயது.

வேகம் தகப்பன் வழி, மூச்சு தாய் வழி என்பது பண்ணைக்காரர்கள் போட்ட கணக்கு. இப்படி எத்தனையோ பேர் கணக்குப் போட்டு எத்தனையோ குட்டி நொண்டியாகப் பிறந்திருக்கிறது. இது பலித்தது.

காசு சுண்டிப்போட்டுக் கிடைத்த குதிரை என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஆனால் கதை சொல்கிறவர்கள் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

நம் ஊரில் பசுவை வாரத்துக்கு விடுவோம் இல்லையா? வளர்க்கிறவனுக்கு ஒரு கன்று, உடையவனுக்கு ஒரு கன்று. மெடோ பண்ணைக்கும் போல்டு ரூலரை வைத்திருந்த ஃபிப்ஸ் குடும்பத்துக்கும் இருந்தது அதே மாதிரி ஏற்பாடுதான். மெடோ வருடத்துக்கு இரண்டு பெட்டைகளை அனுப்பும். சினைக்குப் பணம் கிடையாது. பிறக்கும் குட்டிகளைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை காசு சுண்டுவார்கள். ஜெயித்தவருக்கு முதல் வருடக் குட்டிகளில் எது வேண்டும் என்று எடுக்கும் உரிமை, தோற்றவருக்கு மற்றதும், அடுத்த வருடம் முதலில் எடுக்கும் உரிமையும்.

1969-ல் காசு சுண்டியபோது சிக்கல் வந்தது. முதல் வருடம் இரண்டு குட்டிகள் கண் முன்னால் நிற்கின்றன. அடுத்த வருடத்துக்கு அனுப்பிய இரண்டு பெட்டைகளில் ஒன்றுக்குச் சினை நிற்கவில்லை. சம்திங்ராயல் வயிற்றில் மட்டும் ஒரு குட்டி. ஆக மொத்தம் மூன்று. ஜெயித்தவருக்கு ஒன்று, தோற்றவருக்கு இரண்டு! இரண்டு பேருக்கும் தோற்கத்தான் ஆசை.

ஆக்டன் ஃபிப்ஸ் ஜெயித்துவிட்டார். சம்திங்ராயலின் முந்தின வருடத்துப் பெண் குட்டியை எடுத்தார். தி பிரைடு என்று பெயர். அது ஒரு பந்தயமும் ஜெயிக்கவில்லை. தோற்ற பென்னி செனரிக்கு இன்னொரு குட்டியும், வயிற்றில் இருந்ததும் கிடைத்தன. வயிற்றில் இருந்ததுதான் இந்தப் படம்.

பென்னி செனரி அந்தப் பண்ணையை ஆரம்பித்த கிறிஸ்டஃபர் செனரியின் மகள். அப்பா நோயில் படுத்ததும் பண்ணையை விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு. இந்த அம்மா மறுத்து, எடுத்து நடத்தியவர். சொத்து விஷயத்தில் அப்படி உறுதியாக நிற்கிற பெண்களை நம் பக்கத்தில் எனக்கும் தெரியும். அவர்கள் படம்தான் சுவரில் ஏறுவதில்லை.

கால் மூன்று வெள்ளையாக இருக்கிறதே, ராசியா? சுழி பார்த்தார்களா?

சந்தைக்காரர்கள் கண் முதலில் அங்கேதான் போகும். நான்கு காலும் வெள்ளை, முகமும் வெள்ளை என்றால் பஞ்சகல்யாணி, உயர்ந்த குதிரை. இதற்கு மூன்று கால் வெள்ளை, நெற்றியில் நட்சத்திரமும் கீழே மெல்லிய கோடும் உண்டு. ஒரு முன்னங்கால் மட்டும் செவலை. ஒரு கல்யாணி குறைச்சல். அதனால் என் கடையில் இரண்டு கட்சி: “அந்த ஒரு காலும் வெளுத்திருந்தால் இன்னும் ஓடியிருக்கும்” என்று ஒரு கூட்டம், “அது வெளுக்காததால்தான் கண்ணேறு படவில்லை” என்று இன்னொரு கூட்டம்.

அமெரிக்கப் பண்ணைக்காரர்கள் பார்த்தது வேறு: தோள் சாய்வு, பின்தொடைச் சதை, மார்க்கூட்டின் சுற்றளவு. இந்தக் குதிரைக்கு நெஞ்சு பெரிது என்பதால் அதற்கென்றே நீளமான வயிற்றுவார் தைத்தார்கள். திமில் இருக்கும் இடம்வரை உயரம் சுமார் ஐந்தரை அடி. பாய்ச்சலில் ஒரு எட்டு 24 அடி 11 அங்குலம் என்று அளந்திருக்கிறார்கள். சந்தேகமாக இருந்தால் சாலையில் சாக்பீஸால் கோடு போட்டு 25 அடி அளந்து பாருங்கள். நான் கடைக்கு வெளியே போட்டுப் பார்த்தேன். பக்கத்துப் பஞ்சர் கடை வாசல்வரை போனது.

முதல் ஓட்டத்திலேயே ஜெயித்ததா?

இல்லை. 1972 ஜூலை 4, நியூயார்க் அக்வடக்ட் மைதானம். கதவு திறந்ததும் பக்கத்துக் குதிரை வந்து மோதியது. தடுமாறிப் பின்னால் போய், நெரிசலில் சிக்கி, கடைசியில் நான்காவதாக வந்தது. வாழ்நாளில் முதல் மூன்றுக்குள் வராத ஒரே ஓட்டம் அதுதான். பதினொரு நாள் கழித்து அடுத்த ஓட்டம், ஜெயித்தது. அந்த வருடம் ஒன்பது ஓட்டத்தில் ஏழு வெற்றி. ஒரு முறை முதலில் வந்தும், வழியில் இன்னொரு குதிரையை இடித்ததாகச் சொல்லி இரண்டாவது இடத்துக்குத் தள்ளினார்கள். இரண்டு வயதுக் குதிரைக்கு நாட்டின் சிறந்த குதிரை என்ற பட்டம் தருவது அபூர்வம், இதற்குத் தந்தார்கள்.

விலை என்ன?

1973 ஜனவரியில் கிறிஸ்டஃபர் செனரி இறந்தார். வரி கட்டப் பணம் வேண்டும். குதிரையை 32 பங்காகப் பிரித்து, பங்கு 1,90,000 டாலர் வீதம், மொத்தம் 60,80,000 டாலருக்கு விற்றார்கள். அன்றைய மதிப்பில் நம் பணம் நாலரைக் கோடிக்கு மேல். பங்கு வாங்கியவருக்குக் கிடைப்பது வருடத்துக்கு ஒரு பெட்டையைச் சேர்த்துக்கொள்ளும் உரிமை. கவனியுங்கள், குதிரை அப்போது மூன்று வயதுக் குதிரையாக ஒரு பந்தயம்கூட ஓடவில்லை. மூன்று வயதில் ஓட்டம் முடிந்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். அதனால்தான் அதை நான்கு வயதில் யாரும் பந்தயத்தில் பார்க்கவில்லை.

டெர்பிக்கு முன்னால் தோற்றதாமே?

ஆமாம், இரண்டு வாரம் முன்னால், உட் மெமோரியல் பந்தயத்தில். மூன்றாவதாக வந்தது. பணம் போட்ட பங்காளிகளுக்கெல்லாம் வயிற்றைக் கலக்கியிருக்கும். காரணம் மேல் உதட்டுக்குள் ஒரு சீழ்க்கட்டி. கடிவாளம் இழுத்தால் வலி. வலித்தால் குதிரை வாயைக் கொடுக்காது. வாயைக் கொடுக்காவிட்டால் ஜாக்கி எப்படி ஓட்டுவார்?

எனக்கு இந்தப் பகுதி ரொம்பப் பிடிக்கும். ஒரு முறை பந்தய மாட்டுக்காரர் ஒருவர் கடைக்கு வந்து, மாடு வலது பக்கமே இழுக்கிறது, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார். போய்ப் பார்த்தேன். மூக்கணாங்கயிறு உரசி, உள்பக்கம் மிளகு அளவில் ஒரு புண். பக்கத்தில் போய் டார்ச் அடித்தால்தான் தெரியும். கயிற்றை மாற்றி, களிம்பு தடவினோம். செய்வினை நான்கு நாளில் போய்விட்டது.

செக்ரட்டேரியட்டின் கட்டி உடைந்து, சாப்பாடு எடுக்க ஆரம்பித்தபோது டெர்பிக்கு நாள் நெருங்கிவிட்டது.

அந்த மூன்று பந்தயத்தையும் சொல்லுங்கள்.

கென்டக்கி டெர்பி, 1973 மே 5. தூரம் ஒன்றேகால் மைல், முதுகில் 57 கிலோ. கடைசியாகக் கிளம்பியது. ஐந்து கால் மைலையும் தனித்தனியாக அளந்தார்கள்: 25.2 விநாடி, 24, 23.8, 23.4, 23. எந்தக் குதிரையும் கிளம்பும்போது வேகமாகக் கிளம்பி, முடியும்போது தளரும். இது ஒவ்வொரு கட்டத்திலும் முந்தின கட்டத்தைவிட வேகமாக ஓடியிருக்கிறது. மொத்தம் 1 நிமிடம் 59.4 விநாடி. இரண்டாவது வந்த ஷாமும் இரண்டு நிமிடத்துக்குள் வந்தது. வேறு எந்த வருடம் பிறந்திருந்தாலும் ஷாம் டெர்பி ராஜா. அதன் கஷ்டகாலம், இதே வருடத்தில் வந்து பிறந்தது.

பிரீக்னஸ், மே 19. முதல் வளைவிலேயே கடைசியிலிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றி முன்னுக்குப் போனது. வளைவில் அப்படி ஏற்றுவது மடத்தனம் என்பார்கள், செய்து ஜெயித்தது. அன்று மைதானத்துக் கடிகாரம் கோளாறு. நேரம் தப்பு என்று வருடக்கணக்கில் வழக்காடி, 2012-ல்தான் 1 நிமிடம் 53 விநாடி என்று திருத்தினார்கள். குதிரை செத்து 23 வருடம் கழித்து அதற்கு ஒரு சாதனை கிடைத்தது.

பெல்மான்ட், ஜூன் 9. ஒன்றரை மைல். பயந்து பலரும் வராததால் மொத்தம் ஐந்தே குதிரை. ஷாமும் இதுவும் தொடக்கத்திலிருந்தே ஒன்றையொன்று விடாமல் பறந்தன. முதல் முக்கால் மைலை 1 நிமிடம் 9.8 விநாடியில் கடந்தபோது, நெடுந்தூரப் பந்தயத்தில் இப்படி ஓடினால் இரண்டும் சுருண்டு விழும் என்று பார்த்தவர்கள் பதறினார்கள். ஷாம் சுருண்டது, கடைசியாக வந்தது. செவலை நிற்கவில்லை. ஒன்றேகால் மைலை 1 நிமிடம் 59 விநாடியில் கடந்தது. ஐந்து வாரம் முன் தானே டெர்பியில் போட்ட சாதனையைவிட வேகம், அதற்கு மேலும் கால் மைல் பாக்கி. மொத்தம் 2 நிமிடம் 24 விநாடி. இரண்டாவது குதிரைக்கும் இதற்கும் இடைவெளி 31 குதிரை நீளம். கிட்டத்தட்ட ஏழு அரசு பஸ்ஸை முட்டு முட்டாக நிறுத்தினால் வரும் தூரம்.

தோற்கவே தோற்காத குதிரை இல்லையா அப்போது?

21 ஓட்டம், 16 வெற்றி. ஐந்து முறை முதலிடம் கைநழுவியிருக்கிறது. தோற்காத குதிரை வேண்டுமென்றால் இங்கிலாந்தின் ஃபிராங்கல் இருக்கிறது, 14-க்கு 14.

மும்முடி எடுத்த இரண்டு மாதத்தில், சரடோகா மைதானத்தில், காய்ச்சலோடு ஓடித் தோற்றது. ஜெயித்த குதிரையின் பெயர் ஆனியன். ஆமாம், வெங்காயம். இந்தப் பதிலுக்குக் கடையில் கிடைக்கும் சிரிப்பு வேறு எதற்கும் கிடைப்பதில்லை. அடுத்து இன்னொரு தோல்வி ப்ரூவ் அவுட் என்ற குதிரையிடம். இரண்டையும் பழக்கியவர் ஒருவரே, ஆலன் ஜெர்கன்ஸ். பெரிய குதிரைகளைச் சாய்ப்பதற்கென்றே பெயர் எடுத்த மனிதர்.

கடைசி ஓட்டம் 1973 அக்டோபர் 28, கனடாவில், புல் தரையில். ஜெயித்துவிட்டு ஓய்வு.

ஊசி கீசி போட்டு ஓட்டினார்களா?

மருந்துக் கடையில் உட்கார்ந்திருக்கிறவனிடம் இதைக் கேட்கிறவர்களுக்கு உள்நோக்கம் உண்டு என்று எனக்குத் தெரியும். மாட்டு வண்டிப் பந்தயத்துக்கு முந்தின நாள் ஒருவர் வந்து, “தெம்புக்கு ஏதாவது” என்று குரலைத் தாழ்த்தினார். குளுக்கோஸ் கொடுத்தேன். “இது இல்லை அண்ணாச்சி” என்றார். வேறு கடை பார்க்கச் சொன்னேன். வேறு கடைக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

இதயம் இரண்டு மடங்கு என்று படித்தேன். நிஜமா?

செத்தபிறகு உடலை அறுத்துப் பார்த்த மருத்துவர் தாமஸ் ஸ்வெர்செக், இதயம் சுமார் பத்து கிலோ இருக்கும் என்றார். சாதாரணமாக நான்கு கிலோவை ஒட்டித்தான் இருக்கும். நோயால் வீங்கியதல்ல, எல்லா அறையும் ஒழுங்காக, அளவில் மட்டும் பெரிது. ஆனால் அதை அவர் தராசில் போடவில்லை, கண் மதிப்பு. பிறகு ஷாமின் இதயத்தை எடை போட்டார், எட்டு கிலோ சொச்சம். அந்த அனுபவத்தில்தான் இதைப் பத்து என்றார்.

இந்தப் பெரிய இதயம் தாய் வழியில் மட்டும் வருவது என்று ஒரு வாதம் உண்டு. ஆண் குட்டிக்கு எக்ஸ் குரோமோசோம் தாயிடமிருந்துதான் வரும். அதில் இந்தக் குணம் இருந்தால், தகப்பன் மகனுக்குக் கொடுக்க முடியாது, மகளுக்குத்தான் கொடுக்க முடியும். அந்த மரபணுவை யாரும் இன்னும் பிடித்துக் காட்டவில்லை, அதனால் சத்தியம் செய்ய மாட்டேன். கயத்தாறு பெரியவரிடம் சொன்னேன். “இதற்குப் படிக்க வேண்டுமா?” என்றார்.

குட்டிகளும் இதே மாதிரி ஓடினவா?

முதலில் இதற்குக் குட்டி பிறக்குமா என்றே சந்தேகம் வந்தது. விந்துப் பரிசோதனை சரியாக இல்லை. சோதித்துப் பார்க்க லியோலா என்ற, வேறு இனத்துப் புள்ளிக் குதிரையோடு சேர்த்தார்கள். பிறந்த முதல் வாரிசு பின்பக்கம் புள்ளி புள்ளியாக இருந்தது. கோடிக் கணக்கில் பணம் போட்டவர்கள் அந்தப் புள்ளிக் குட்டியைப் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

அப்புறம் 600-க்கும் மேல் குட்டிகள். மகன்களில் ரைசன் ஸ்டார் 1988-ல் மும்முடியில் இரண்டை எடுத்தது. மகள் லேடீஸ் சீக்ரெட் 1986-ல் நாட்டின் சிறந்த குதிரை. ஆனாலும் ஜனங்கள் இன்னொரு செக்ரட்டேரியட்டை எதிர்பார்த்தார்கள், அது வரவில்லை. பொலிகுதிரையாகச் சுமார்தான் என்று பேச்சு எழுந்தது.

மகள்கள் ஈன ஆரம்பித்ததும் பேச்சு அடங்கியது. மகள் வீக்கெண்ட் சர்ப்ரைஸ் ஈன்றது ஏ.பி. இண்டி: 1992-ல் பெல்மான்ட் ஜெயித்து, பிறகு பெரும் பொலிகுதிரை. மகள் டெர்லிங்குவா ஈன்றது ஸ்டார்ம் கேட்: ஒரு முறை சேர்க்க 5,00,000 டாலர் வாங்கிய குதிரை. இன்னொரு மகள் செக்ரட்டேம் ஈன்றது கான் வெஸ்ட். இன்று அமெரிக்காவில் ஓடும் குதிரைகளில் இந்த மூன்று பெண்களின் ரத்தம் இல்லாததைத் தேடத்தான் வேண்டும். தாய் வழியாக வந்தது, மகள் வழியாகப் போனது.

நம் திருநெல்வேலிச் சீமையில் இப்படிக் குதிரை வளர்க்க முடியாதா?

பெயரளவில் நம்மிடம் குதிரைக்குப் பஞ்சமில்லை. மாஞ்சோலைக்கு மேலே குதிரைவெட்டி, திருச்செந்தூர் பக்கம் குதிரைமொழித் தேரி. நிஜக் குதிரையும் வந்திருக்கிறது, கப்பல் கப்பலாக. தாமிரபரணி கடலில் சேரும் இடத்துப் பழையகாயல் 13-ஆம் நூற்றாண்டில் பெரிய துறைமுகம். ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் அரபுக் குதிரைகள் அங்கே இறங்கின. பாண்டியர்கள் வருடாவருடம் வாங்கினார்கள். வருடாவருடம் வாங்கினார்கள் என்றால், வாங்கியவை செத்துக்கொண்டே இருந்தன என்று அர்த்தம்.

அதைப் பார்த்துவிட்டுப் போன மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார்: இங்கே குதிரை மருத்துவம் தெரிந்தவர் இல்லை, சோற்றையும் கறியையும் வேகவைத்துப் போடுகிறார்கள், நல்ல ஆணும் நல்ல பெட்டையும் சேர்ந்தாலும் கோணல் கால் குட்டிதான் பிறக்கிறது. அதே அரபு வம்சத்தை நானூறு வருடம் கழித்துக் கொண்டுபோன இங்கிலாந்துக்காரன் தரோபிரெட் ஆக்கிவிட்டான். தட்பவெப்பம் ஒரு காரணம். மேய்ச்சல் புல் ஒரு காரணம். எழுதி வைக்கும் பழக்கம் பெரிய காரணம் என்பது என் கட்சி. எந்தப் பெட்டைக்கு எந்த ஆண், என்ன பிறந்தது, எப்படி ஓடியது என்று அவன் ஒரு குட்டி விடாமல் எழுதினான்.

இன்று இந்தியாவில் பந்தயக் குதிரைப் பண்ணைகள் புனே பக்கம், பஞ்சாப், கர்நாடகத்தில் குனிகல் என்று இருக்கின்றன. நம் பக்கத்துக் கரிசலிலும் தேரிக் காட்டிலும் பணத்தைப் போட வேண்டாம். கேட்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன்.

நம்ம பூஞ்சிட்டு வண்டிப் பந்தய மாடு இதை முந்துமா?

முந்தாது, மாப்பிள்ளை. பெல்மான்டில் அதன் சராசரி வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். உங்கள் மாட்டைப் படம் பிடித்துக் கொண்டுவாருங்கள், பக்கத்தில் மாட்டுகிறேன்.

பந்தயத்தில் பணம் கட்டலாமா?

குதிரைப் பந்தயம் சூதாட்டம் அல்ல, திறமை சேர்ந்த ஆட்டம் என்று 1996-ல் சென்னை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குதிரையின் திறமையைச் சொல்லியிருக்கிறார்கள், என் திறமையை அல்ல. கிண்டியில் ஒரே ஒரு மதியம் உட்கார்ந்து இருநூறு ரூபாய் விட்டு, திரும்பி வரும் ரயிலில் டீ குடிக்கக் காசில்லாமல் வந்தவன் நான்.

பெல்மான்ட் அன்று செக்ரட்டேரியட் மேல் இரண்டு டாலர் கட்டியவருக்குக் கிடைத்தது 2 டாலர் 20 சென்ட். அந்த ஜெயித்த சீட்டுகளில் 5,617-ஐ யாரும் மாற்றவே இல்லை. ஞாபகத்துக்கு வைத்துக்கொண்டார்கள். அவர்கள்தான் கெட்டிக்காரர்கள்.

எப்படிச் செத்தது?

லேமினைட்டிஸ். குளம்பின் நகத்தையும் உள்ளே இருக்கிற எலும்பையும் பிடித்து வைத்திருக்கும் மென்சதை அழற்சியால் விட்டுப்போகும். ஐநூறு கிலோ உடம்பு அந்தப் புண்ணின் மேல் நிற்க வேண்டும். நிற்கவும் முடியாது, படுக்கவும் முடியாது. ஒரு மாதம் பார்த்தார்கள். 1989 அக்டோபர் 4 அன்று, கென்டக்கியில் கிளேபோர்ன் பண்ணையில், ஊசி போட்டு விடுவித்தார்கள். 19 வயது. பெரிய குதிரை செத்தால் தலை, இதயம், குளம்பு மட்டும் புதைப்பது அங்கே வழக்கம். இதை முழுசாகப் புதைத்தார்கள்.

உங்கள் குதிரை முன்னங்காலைத் தரையில் வைக்கத் தயங்கி, பின்னால் சாய்ந்து நின்றால், குளம்பைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மருத்துவரிடம் ஓடுங்கள். என் கடைக்கு வராதீர்கள்.

யார் பார்த்துக்கொண்டது?

பயிற்சியாளர் லூசியன் லாரின், ஜாக்கி ரான் டர்காட், இரண்டு பேரும் கனடாக்காரர்கள். ஆனால் அப்பா உயிரோடு இருந்தால் கேட்டிருக்கக்கூடிய ஆள் சயிஸ்தான். எடி ஸ்வெட், தென் கரோலினாவைச் சேர்ந்த கறுப்பர். தீனி வைத்தவர், தேய்த்துக் குளிப்பாட்டியவர், கால் கட்டுப் போட்டவர். பந்தயம் முடிந்து குதிரை கிளேபோர்னுக்கு விமானத்தில் போனபோது கூடப்போய் விட்டுவிட்டு வந்தவரும் அவர்தான். கென்டக்கியில் இருக்கும் வெண்கலச் சிலையில் கயிற்றைப் பிடித்து நிற்கிற ஆளாக அவரையும் வடித்திருக்கிறார்கள்.

டர்காட் 1978-ல் பந்தயத்தில் விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்து, 2025-ல் காலமானார்.

படத்தில் ஜாக்கி ஏன் திரும்பிப் பார்க்கிறார்? பின்னால் வருகிற குதிரையையா?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பின்னால் பாருங்கள், குதிரையே இல்லை. இது பெல்மான்டில், முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் எடுத்தது. அவர் இடது பக்கம், மைதானத்துக்கு நடுவில் இருக்கும் கடிகாரப் பலகையைப் பார்க்கிறார். சாதனை கைக்கெட்டும் தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அதில் தெரிந்ததும், அதுவரை தன் போக்கில் விட்டிருந்த குதிரையைக் கையால் தள்ளி ஓட்டினார். சாட்டை எடுக்கவில்லை. குதிரையின் காது இரண்டையும் பாருங்கள், பின்னால் மடிந்திருக்கவில்லை.